புதுப்பிப்பு வருகிறது! யாருக்காக?

மீண்டும் தம்பட்டம் ஒலிக்கிறது. நாம் தினந்தோறும் பயன்படுத்தும் பிரவுசருக்குப் புதிய புதுப்பிப்பு வருகிறதாம். அதற்குள் செயற்கை அறிவு உட்கார்ந்திருக்குமாம். நாம் படிக்கும் பக்கத்தை அது சுருக்கிச் சொல்லுமாம்; டிக்கெட் எடுக்குமாம்; சாமான் வாங்கித் தருமாம். நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதுமாம்.

இது வெறும் வதந்தியல்ல. 2025 செப்டம்பரில் கூகிள் கம்பெனி அமெரிக்காவில் தன் குரோம் பிரவுசருக்குள் ஜெமினி என்ற உதவியாளனைக் குடியேற்றியது. உத்தரவு கொடுத்தால் தானே வேலையை முடிக்கும் வசதி பின்னால் வரும் என்றும் அப்போதே அறிவித்தது. அதே ஆண்டில் பெர்ப்ளெக்சிட்டி கம்பெனி 'கோமெட்' என்ற பிரவுசரையும், ஓபன் ஏஐ கம்பெனி 'அட்லஸ்' என்ற பிரவுசரையும் சந்தைக்கு இறக்கின. பந்தயம் தொடங்கிவிட்டது. இனி வரும் புதுப்பிப்புகள் எந்தத் திசையில் போகும் என்பதைச் சொல்லக் கிளி ஜோசியம் தேவையில்லை. பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

இலவசப் பொருளின் விலை

முதலில் ஒரு கேள்வி. நமக்குக் காசில்லாமல் கிடைக்கும் பிரவுசருக்கு விலை என்ன?

2025 ஆகஸ்டில் பெர்ப்ளெக்சிட்டி கம்பெனி குரோமை 3,450 கோடி டாலருக்கு வாங்கத் தயார் என்று சொல்லியது. கூகிள் அதை விற்க முன்வந்திருக்கவில்லை. இது விளம்பர ஜாலம் என்று பலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இலவசமாக வழங்கப்படும் ஒரு பொருளுக்கு இத்தனை கோடி விலை பேசத் தோன்றியது ஏன் என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

பதில் நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. பிரவுசர்களிலும் போன்களிலும் தன் தேடுபொறியே முதலில் இருக்கவேண்டும் என்பதற்காக கூகிள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் பிறருக்குக் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடுதலில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். குரோமை விற்க உத்தரவிட வேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் கேட்டது. 2025 செப்டம்பரில் நீதிபதி அதற்கு மறுத்துவிட்டார். குரோம் கூகிளிடமே தங்கியது.

கூகிளின் தாய்க் கம்பெனிக்கு 2023-ல் வந்த வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விளம்பர வருமானம். அந்த விளம்பரக் கடைக்குப் போகும் பாதைதான் பிரவுசர். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

இரண்டு வாக்குறுதிகளின் கதை

கூகிள் சென்ற சில ஆண்டுகளில் இரண்டு பெரிய மாற்றங்களை அறிவித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று 'குக்கி' விவகாரம். நாம் ஒரு வலைத்தளத்துக்குப் போனால், அங்கே விளம்பரம் போடும் வேறொரு கம்பெனி நம் போனில் ஒரு சிறு குறிப்பை விட்டுச் செல்கிறது. அடுத்த தளத்துக்குப் போனாலும் அந்தக் குறிப்பு நம்மை அடையாளம் காட்டிக் கொடுக்கிறது. செருப்பு விலையை ஓரிடத்தில் விசாரித்தவரைச் செருப்பு விளம்பரம் ஊரெல்லாம் துரத்துவது இப்படித்தான். இந்த மூன்றாம் நபர் குக்கிகளை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் கூகிள் சொல்லியது.

நடந்தது என்ன? 2021-ல் கெடு 2023-க்குத் தள்ளப்பட்டது. 2022-ல் அது 2024-க்குப் போனது. 2024 ஏப்ரலில் 2025-க்குப் போனது. 2024 ஜூலையில் ஒழிக்கும் திட்டமே கைவிடப்பட்டது. பயனாளரே முடிவு செய்யட்டும் என்றார்கள். 2025 ஏப்ரலில், அப்படிக் கேட்கும் தனி அறிவிப்பும் வராது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து ஆண்டு காத்திருந்ததற்குப் பலன் பூஜ்யம்.

கூகிள் தரப்பையும் சொல்லிவிடுகிறோம். பிரிட்டிஷ் போட்டி ஆணையம் கேள்விகள் எழுப்பியது. விளம்பரத் தொழிலில் உள்ள மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். ஆகவே தாமதம் என்றது. அந்தக் கேள்விகள் நியாயமானவையே. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் இத்தகைய பின்தொடரும் குக்கிகளை 2019-லேயே தானாகத் தடுத்தது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் நபர் குக்கிகளை முழுவதும் தடுத்தது. விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் கம்பெனிக்கு மட்டும்தான் இந்தக் கதவைச் சாத்த முடியவில்லை.

இரண்டாவது, நீட்சிகளின் விவகாரம். பிரவுசரில் நாமே சேர்த்துக்கொள்ளும் சிறு செயலிகளுக்கு 'நீட்சி' என்று பெயர். விளம்பரங்களைத் தடுக்கும் 'யூபிளாக் ஆரிஜின்' அவற்றில் பேர்பெற்றது. பழைய விதிப்படி, போகிற வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே பார்த்து, 'இதை விடு, அதைத் தடு' என்று தீர்மானிக்கலாம். 2018-ல் கூகிள் வெளியிட்ட புதிய விதிப்படி அந்த அதிகாரம் பறிபோனது. நீட்சி ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். தீர்ப்புச் சொல்வது பிரவுசர். பட்டியலின் நீளத்துக்கும் வரம்பு உண்டு.

பாதுகாப்புக்காகவே இதைச் செய்கிறோம் என்றது கூகிள். திருட்டு வேலை செய்யும் நீட்சிகள் இருந்தன என்பது உண்மை. இந்த மாற்றமும் பலமுறை தள்ளிப்போனது. ஆனால் கைவிடப்படவில்லை. 2024-ல் பழைய நீட்சிகள் அணைக்கப்படத் தொடங்கின. 2025-ல் கடைசிச் சந்தும் அடைபட்டது. குரோமில் பழைய யூபிளாக் ஆரிஜின் செத்தது. அதிகாரம் குறைந்த 'லைட்' என்ற வடிவம் மட்டும் மிஞ்சியது. ஃபயர்ஃபாக்ஸ் பழைய வசதியையும் விட்டுவைத்தது.

இரண்டு வாக்குறுதிகளும் தடுமாறின. விளம்பரக்காரனின் கையைக் கட்டும் வாக்குறுதி பாதியில் மாண்டது. விளம்பரத்தைத் தடுப்பவனின் கையைக் கட்டும் வாக்குறுதி ஊர் வந்து சேர்ந்தது. தற்செயல் என்பவர்கள் நம்பிக்கொள்ளட்டும். நாம் நம்பவில்லை.

நாம் எதிர்பார்ப்பது

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, வரும் புதுப்பிப்புகளைப் பற்றி நான்கு விஷயங்களைச் சொல்லி வைக்கிறோம்.

முதலாவது: 'விரும்பினால் பயன்படுத்துங்கள்' என்று தொடங்குவது, சில காலத்தில் கேட்காமலே இயங்கும் நிலைக்கு வரும். அதை நிறுத்தும் விசை இருக்கும். ஆனால் அமைப்புகளுக்குள் நான்கு அறை தாண்டி இருக்கும். இதில் நல்ல பெயர் எடுத்தவர்களும் விதிவிலக்கல்ல. 2024 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸே, விளம்பரங்களின் பலனை அளக்கும் ஒரு சோதனை வசதியைப் பயனாளரைக் கேட்காமலே இயக்கிவிட்டது. அதன் தாய் நிறுவனமான மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி பல்லாண்டுகளாக கூகிள் ஒப்பந்தத்திலிருந்து வந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டாவது: இலவசம் என்று வருவது, பழக்கமான பிறகு பில்லோடு வரும், அல்லது விளம்பரத்தோடு வரும். 2025-ல் நம் நாட்டில் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டியின் கட்டணச் சேவை ஓராண்டு இலவசம் என்றார்கள். ஜியோ வாடிக்கையாளர்களுக்கு ஜெமினியின் கட்டணச் சேவை 18 மாதம் இலவசம் என்றார்கள். சாட்ஜிபிடிக்குள் விளம்பரம் வைத்துச் சோதிக்கப்போவதாக 2026 ஜனவரியில் ஓபன் ஏஐ அமெரிக்காவில் அறிவித்தது. தூண்டிலில் புழு வைப்பவன் மீனுக்கு விருந்து வைப்பதில்லை.

மூன்றாவது: தவறு நேர்ந்தால் பழி பயனாளர் தலையில் விழும். 2025 ஆகஸ்டில் பிரேவ் பிரவுசரின் ஆராய்ச்சியாளர்கள் கோமெட்டைச் சோதித்தார்கள். ஒரு பக்கத்தில் மறைத்து எழுதப்பட்டிருந்த வரிகளை அதன் உதவியாளன் தன் எஜமானின் உத்தரவாகவே எடுத்துக்கொண்டு செயல்பட்டான். ஒருமுறைக் கடவுச்சொல்லைக்கூட வெளியே கொடுத்துவிட்டான். வங்கிக் கணக்கும் வருங்கால வைப்புநிதிக் கணக்கும் ஒரே போனில் வைத்திருக்கும் தொழிலாளிக்கு இது விளையாட்டல்ல. பணம் போனபின், 'நீங்கள்தானே சம்மதம் என்று தட்டினீர்கள்?' என்ற பதில்தான் கிடைக்கும்.

நான்காவது: நமக்கு நன்மை தரும் வாக்குறுதிகளுக்குக் கெடு தள்ளிப்போகும். அவர்களுக்கு லாபம் தருவது எப்படியும் வந்து சேரும்.

போட்டி செத்தால் புதுப்பிப்பும் சாகும்

பந்தயம் நடக்கிறதே, போட்டி நம்மைக் காப்பாற்றாதா என்று சிலர் கேட்கலாம். பந்தயம் முடிந்த பிறகு என்ன நடக்கும் என்பதைச் சரித்திரம் சொல்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்புளோரர் பிரவுசரை விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்து நெட்ஸ்கேப்பை வீழ்த்தியது. 2001-ல் எக்ஸ்புளோரர் 6 வந்தது. எதிரி வீழ்ந்துவிட்டான். அடுத்த பதிப்பு எப்போது வந்தது? 2006-ல்! 2004-ல் ஃபயர்ஃபாக்ஸ் கிளம்பித் துரத்திய பிறகே அந்தக் கும்பகர்ணன் கண்விழித்தான்.

என்ன செய்யலாம்?

புதுப்பிப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களும் அதே மூட்டையில்தான் வருகின்றன. அவற்றை மறுத்தால் நஷ்டம் நமக்கே. நாம் கேட்பது, மூட்டையைப் பிரித்துக் கொடு என்பதுதான். பாதுகாப்புத் திருத்தம் தனியாக வரட்டும். உதவியாளன் கதவைத் தட்டிவிட்டு வரட்டும். நிறுத்தினால் நிற்க வேண்டும். அடுத்த புதுப்பிப்பில் மீண்டும் தலைதூக்கக் கூடாது.

இதைக் கேட்க நமக்கு ஆதாரம் உண்டு. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு போன்களில் குரோம் உள்ளிட்ட செயலிகளை முன்கூட்டியே திணித்தது உள்ளிட்ட காரணங்களுக்காக கூகிளுக்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு ஆணையம் ஆணையின் சில கட்டளைகளை நீக்கியது. அபராதத்தை உறுதி செய்தது. சம்மதம் சுதந்திரமாகவும் தெளிவாகவும் தரப்பட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் முக்கியமான கடமைகளுக்குக் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தன. ஜனங்களுக்கு எந்த அவகாசமும் யாரும் கொடுக்கவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு நம் யோசனை இது. புதுப்பிப்பு வந்ததும் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். எது புதிதாக இயங்குகிறது, யார் இயக்கச் சொன்னது, நிறுத்தும் விசை எங்கே என்று கேளுங்கள். தெரியாத சகோதரர்களுக்கும் தாய்மார்களுக்கும் காட்டிக் கொடுங்கள். வங்கி வேலை நடக்கும் பிரவுசரில் உதவியாளனை உள்ளே விடாதீர்கள்.

நம் ஆரூடம் பொய்த்தால் நாம்தான் முதலில் மகிழ்வோம். அதுவரை கம்பெனியின் அறிக்கையைப் படிக்கும்போது, பக்கத்தில் பழைய கணக்குப் புத்தகமும் திறந்தே இருக்கட்டும்!