சீட்டு இல்லாத சேகரிப்பு

"இது என் ஹாபி சார், இதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

தபால்தலையோ தீப்பெட்டிப் படமோ சேர்ப்பவர் இப்படிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நல்லா சேருங்க என்பேன். ஆனால் கொடைக்கானல் சோலைக்காட்டில் கிளையோடு ஒட்டியிருந்த ஆர்க்கிட்டைப் பிய்த்து வந்து, மதுரை மொட்டைமாடியில் தொங்கவிட்டிருப்பவரும் இதையே கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

சேகரிப்பே தப்பு என்று சொல்ல வரவில்லை. பழனி மலையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சேகரித்தவர்கள் தந்தது. செண்பகனூரில் இருந்த பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார் ஜார்ஜ் ஃபொரோ பாசிகளைச் சேர்த்தார். ஆமாம், பாறையில் கால் வழுக்கும்போது மட்டும் நாம் கவனிக்கிற அதே பாசி. அவருடைய பழனி மலைப் பாசிகளின் பட்டியல் 1961-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தது. திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய பாதிரியார் கே.எம். மேத்யூ, இந்த மலையின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999-ல் கொண்டுவந்தார்.

"அவங்களும் பிடுங்கினவங்கதானே?" என்று கேட்கலாம். பிடுங்கினார்கள். ஆனால் ஹெர்பேரியத்தில் ஒரு தாளைப் பாருங்கள். உலர்ந்த செடிக்குக் கீழே ஒரு சீட்டு இருக்கும். செடியின் பெயர், எடுத்த இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, எடுத்தவர் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டால் மிஞ்சுவது வைக்கோல். ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் அதே இடத்துக்குப் போய், "இங்கே இருந்த செடி எங்கே?" என்று கேட்க முடிவது அந்தச் சீட்டால்தான்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1904 முதல் அங்கே சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வந்தார்கள். தேதியும் நேரமும் இல்லாவிட்டால் அவை வெறும் வட்டங்கள். இருப்பதால்தான் நூறு வருஷத்துச் சூரியப் புள்ளிகளை இன்றைக்கும் ஆராய முடிகிறது. ஆரம்பித்து வைத்தவர்கள் யாரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. தனக்குப் பின்னால் வருகிறவனுக்காகச் சேர்ப்பதுதான் சேகரிப்பு. மற்றது பதுக்கல்.

பதுக்கல் என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அகத்தியமலையில் மட்டும் காட்டில் வளரும் மஞ்சள் நிற ஆர்க்கிட் ஒன்று, பாபியோபெடிலம் துரூரி. அழகு, அதோடு அபூர்வம். போதாதா? ஆர்க்கிட் பிரியர்களுக்காக அள்ளி அள்ளி, காட்டில் அது அழியும் விளிம்புக்கு வந்துவிட்டது. அதை அழித்தவர்கள் ஆர்க்கிட்டை வெறுத்தவர்கள் அல்ல, நேசித்தவர்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "இடத்தை எழுதுன்னு சொல்றீங்க. எழுதி வச்சா அடுத்த ஆள் அங்கேயே போய்ப் பிடுங்க மாட்டானா?" பிடுங்குவான். அதனால்தான் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிவரும் உயிர்களின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மங்கலாக்கி வைக்கின்றன. இடத்தைக் குறித்து வைப்பது வேறு, ஊருக்கெல்லாம் கூவுவது வேறு. ஃபேஸ்புக்கில் பூவின் படத்தோடு போகும் வழியையும் போடுகிறவர் செய்வது இரண்டாவது.

காட்டுக்குள் தேனெடுக்கப் போகும் பளியரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். கார் டிக்கியில் செடியோடு மலை இறங்குகிறவரை மட்டும் 'இயற்கை ஆர்வலர்' என்கிறோம். அந்த மரியாதையைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். உங்கள் நண்பர் தன் ஆர்க்கிட் தொட்டிகளைப் பெருமையாகக் காட்டும்போது "அழகா இருக்கு" என்பதோடு நிறுத்தாதீர்கள். நர்சரியில் வளர்த்ததா, காட்டிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். முகம் சுருங்கினால் சுருங்கட்டும்.

2018-ல் கொடைக்கானலில் நீலக்குறிஞ்சி பூத்தது. அடுத்தது 2030. கையில் ஃபோன் இருக்கும். படம் எடுங்கள், தேதியும் இடமும் குறியுங்கள். செடியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். விதை விழுந்தால்தான் அதற்கடுத்த பன்னிரண்டு வருஷம்.