ஒரே காம்பராவில் எல்லா வயதும்

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய நகைச்சுவைத் தொடரா இது என்று கேட்பவர்கள் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் நிறையப் பேர். கேட்பவர் பெரும்பாலும் தாய். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தால் அம்மாயி. இதைச் சின்னக் கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று ஒரு பிள்ளை பழகிக்கொள்வது பள்ளிக்கூடத்தில் அல்ல, இந்தப் பெட்டியின் முன்னால்தான்.

வெளிநாடுகள் இதற்கு நேரத்தாலும் வயதாலும் வேலி போட்டன. பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1964 முதல் இரவு 9 மணி ஓர் எல்லை. அதற்கு முன் வருவது பிள்ளைகளும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1975இல் முன்னிரவைக் குடும்ப நேரம் என்று ஒதுக்கினார்கள். மறு ஆண்டே நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 1997இல் அங்கே வயதுக் குறியீடுகள் வந்தன. இந்தியாவில் 2021 முதல் இணையத் தொடர்களுக்கு 7, 13, 16 என்று படிகள். எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்தவை. ஆனால் நேரமானதும் பிள்ளையை வேறு அறையில் படுக்கவைக்க முடிகிற வீட்டை மனதில் வைத்துச் செய்தவை. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் உள்ள லயத்து வீட்டில் நான்கு வயதுப் பையனும் பதினைந்து வயது அக்காவும் தாத்தாவும் ஒன்றாக இருந்துதான் டீவி பார்க்கிறார்கள். படுத்துவிட்ட பிள்ளைக்கும் வசனம் காதில் விழும்.

மலையகத்துக்கு இது புதிதும் அல்ல. காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று லயத்து முற்றத்தில் விடிய விடிய நடந்த கூத்துகளையெல்லாம் கைக்குழந்தை முதல் கிழவி வரை சேர்ந்துதான் பார்த்தார்கள். கோமாளி வேடம் கட்டியவர் இரட்டை அர்த்தம் பேசாமல் இருந்ததில்லை. ஆனால் அவர் தீப்பந்த வெளிச்சத்தில் எதிரே இருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். சின்னதுகள் முன்வரிசையில் விழித்திருந்தால் ஒரு மாதிரி, தூங்கிய பிறகு வேறு மாதிரி. யாரைக் கிண்டல் செய்தாரோ அவரோடுதான் மறுநாள் காலை வேலைக்குக் கூடும் பெரட்டில் நிற்க வேண்டும். அந்தப் பயமும் உறவும் அவருடைய தணிக்கைச் சபை.

வானொலிக் காலத்திலும் இதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ வந்த நாட்களை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீது என்று நால்வர். நால்வருக்கும் நான்கு விதத் தமிழ். அது 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. பதுளை பஜாரில் ஒரு சாமான் வாங்கப் போனாலே சிங்களம் கலந்த தமிழும் முஸ்லிம் கடைத் தமிழும் தோட்டத்துத் தமிழும் காதில் விழும். அதனால் இங்கே அந்தச் சிரிப்பு சட்டென்று ஒட்டியது. அந்த நிகழ்ச்சியில் ஒருவர் பேச்சை மற்றவர் கிண்டலடித்தால், அடிபட்டவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அவருக்கும் முறை வந்தது. பிள்ளைகளுக்குத் தகுந்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்த முதல் அளவுகோல் இதுதான்: சிரிப்புக்கு ஆளானவருக்குத் திருப்பிப் பேச வாய் கொடுத்திருக்கிறார்களா?

1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியது. மின்சாரம் வராத லயங்களில் கார் பெட்டரியில் டீவி ஓடியது. பெட்டரி இறங்கினால் டவுனுக்குச் சுமந்து போய்ச் சார்ஜ் ஏற்ற வேண்டும். லயத்தில் ஒரு வீட்டில் டீவி இருந்தால் அது எல்லார் வீட்டு டீவியும்தான். தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம். எங்கள் பிள்ளைகள் சிங்களத்தில்தான் நிறையச் சிரித்தார்கள், 1987இல் ஐ.ரி.என். தொடங்கிய ‘கோப்பிக் கடே’ போன்ற தொடர்களில் சிங்களமும் கற்றார்கள். ஒரு கிராமத்துத் தேநீர்க் கடையில் கூடும் மனிதர்களைச் சுற்றிய தொடர் அது. (அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் அடிக்கடி நினைப்பேன்.) பின்னர் 1998இல் சக்தி டீவி வந்தது, டிஷ் வந்தது, தமிழ்நாட்டு அலைவரிசைகள் காம்பராவுக்குள் வந்தன. சிரிக்கவைப்பவர் இப்போது சென்னையில். அவருக்கு எதிரே இருப்பது கமெரா.

பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் இப்படி ஒரு குடும்பத் தொடரைச் சேர்ந்து பார்த்தேன். குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறான் கணவன். மனைவி தும்புத்தடியை எடுக்கிறாள். அவன் கை ஓங்குகிறான், தடுக்கி விழுகிறான். பின்னணியில் போட்டுவைத்த சிரிப்பொலி. அவன் கையில் இருந்த போத்தல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் 2006இல் வந்தபின் நம் அலைவரிசைகள் சிகரெட்டையும் போத்தலையும் இப்படித்தான் மறைக்கின்றன. ஓங்கிய கையை யாரும் மறைக்கவில்லை. வீட்டுப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான், எழுந்து அந்த நடையை நடந்தும் காட்டினான். பன்னிரண்டு வயது அக்கா சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போனாள். அன்று தோட்டத்தில் சம்பள நாள்.

எந்த வயதுக் குறியீடு அந்த இரண்டு பிள்ளைகளையும் பிரித்துச் சொல்லும்? குறியீட்டின்படி பார்த்தால் பெரியவளுக்குத்தான் அந்தக் காட்சி கூடுதலாகப் பொருந்தும். கெட்ட வார்த்தை இல்லை, கட்டிப்பிடிப்பு இல்லை, இரத்தம் இல்லை. நம் வீடுகளில் தொடரை நிறுத்தச் சொல்வது காதல் காட்சி வந்தால்தான். கறுப்பு என்றும் குண்டு என்றும் ஒருத்தியை வைத்து அரை மணி நேரம் சிரித்தால் யாரும் ரிமோட்டைத் தேடுவதில்லை. தோட்டக்காட்டான் என்ற சொல்லால் பரம்பரையாகக் காயப்பட்டவர்கள் நாம். வெயிலில் மலையில் நின்று கறுத்த தாயின் மகள் அந்தச் சிரிப்பை எங்கே வைத்துக்கொள்வாள்?

அது கிண்டல், பிள்ளைகளுக்குப் புரியும் என்பார்கள். சின்னதுகளுக்குப் புரியாது, ஏழெட்டு வயதுக்குக் கீழே பெரும்பாலும் எள்ளலைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். பதின்வயதினர் விஷயம் வேறு. அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்ற குடும்ப நகைச்சுவையில் ஆர்ச்சி பங்க்கர் என்ற தகப்பன் இனவெறியோடு பேசுவான். அவனைப் பார்த்து வெட்கப்படட்டும் என்றுதான் எழுதினார்கள். நீல் விட்மரும் மில்டன் ரொக்கீச்சும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கப் பதின்வயதினரிடமும் கனடாவில் பெரியவர்களிடமும் கேட்டார்கள். ஏற்கெனவே வெறுப்பு உள்ளவர்களுக்கு ஆர்ச்சி பிடித்தவனாகவே தெரிந்தான். கிண்டல் எந்தப் பக்கம் பாயும் என்பது பார்ப்பவர் மனதில் முன்பே கிடப்பதையும் பொறுத்தது. அதனால்தான் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் தொடர் முடிந்ததும் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும் என்கிறேன். தடுக்கச் சொல்லவில்லை. “ஏன் தங்கச்சி, அவ என்ன பண்ணிட்டான்னு அவள வச்சுச் சிரிக்கிறாங்க?” என்று அம்மாயி கேட்டால் போதும். பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒன்றாகப் பார்க்கும் வழக்கம் இருக்கும் வரைதான் இதுவும் நடக்கும். 2009இல் ஆதித்யா மாதிரி முழு நாள் நகைச்சுவை அலைவரிசைகள் வந்தபோதே கதை கழன்றுவிட்டது. உதையும் வசையும் மட்டும் துண்டுதுண்டாக ஓடின. இப்போது அதுவும் கைப்பேசிக்குள் போய்விட்டது. அதே காம்பரா, அதே பாய், பையன் காதில் இயர்போன். அவன் எதற்குச் சிரித்தான் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. வயதுவரம்பைவிட இதுதான் என்னை அதிகம் கவலைப்படவைக்கிறது.

சேர்ந்து பார்க்கக்கூடிய சிரிப்பை இங்கிருந்தே எழுத முடியும். ஹாலி-எலைக்குப் பக்கம் ஊவாக்கட்டவளையில் 1934இல் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், மலையகத்தைப் பேசிய ‘புதிய காற்று’ படத்துக்கு 1975இல் வசனம் எழுதினார். அவர் வழியில் இன்று இந்த மலைகளில் எழுதுகிற இளையவர்கள் இருக்கிறார்கள். லயத்துக் குடும்பம் ஒன்றை நடுவில் வைத்து வாராந்த நகைச்சுவைத் தொடர் எழுத அவர்களில் ஒருவரை நம் அலைவரிசைகள் அழைக்க வேண்டும். குடிகாரக் கணவன் அதிலும் வரட்டும். அந்த வாரத்துப் பகிடியை அவன் மனைவி சொல்லட்டும்.