மாமரத்துக்கு லின்னேயஸ் வைத்த பெயர்

இடைநிலைப்பள்ளி உயிரியலில் அறிவியல் பெயர்களை மனப்பாடம் செய்கிறோம். அவை எங்கிருந்து வந்தன என்று கேட்பதில்லை. 1753-இல் சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் மாமரத்துக்கு ‘மாங்கிபெரா இண்டிகா’ என்று பெயரிட்டார். மாங்காய் தருவது என்று பொருள். தமிழ் ‘மாங்காய்’, மலையாள ‘மாங்ங’ எல்லாம் போர்த்துகீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி ஐரோப்பாவுக்குப் போன சொல்தான் அது. ஸ்ரீ கெம்பாங்கான் பசார் மாலாமில் விலையோடு எழுதித் தொங்கும் ‘மங்கா’வுக்கும் அதே வேர். மங்குஸ்தீனுக்கு அதே நூலில் அவர் தந்த பெயர் ‘கார்சீனியா மங்கோஸ்தானா’. இதன் பின்பாதி மலாய்.

இத்தனைக்கும் லின்னேயஸ் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவருடைய மாணவர் கோனிக்தான் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார், பிறகு மலாக்காவிலும் செடி தேடி அலைந்தார்.

அறிவியலில் தமிழுக்கு என்ன வேலை என்று நம் மாணவர்களே கேட்கும்போது, ஆசிரியர்கள் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். தேர்வில் வராதுதான்; மாங்கிபெரா மறக்காது.