அக்கா தங்கச்சி கையெழுத்தும் நம்ம வம்சப் பெருமையும்

"எங்க வம்சம் ஏழு தலைமுறை" என்று மார்தட்டும் யாரிடமாவது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த மூணாவது தலைமுறை தாத்தாவுக்கு எத்தனை பெண் பிள்ளைகள்? அவங்க பேர் என்ன? முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலர்களில் அச்சாகும் வம்சாவளிப் படங்களையும் பாருங்கள். அப்பா, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று கோடு நேராக இறங்கும். ஏதோ ஆம்பிளைகளே ஆம்பிளைகளைப் பெற்றெடுத்த மாதிரி!

என் கட்சி இதுதான். குடும்ப வரலாறு வேண்டும் என்றால் மலரை மூடி வைத்துவிட்டு சொத்துப் பத்திரத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் பெருமை கொஞ்சம் இடிக்கும்.

இங்கிலாந்தில் இதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். 13-ம் நூற்றாண்டில் இருந்து, மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றிருந்த ஒருவர் இறந்தால் அதிகாரி வந்து உள்ளூர் ஆட்களைக் கூட்டி சத்தியம் வாங்கி விசாரிப்பார். என்ன நிலம், ஆண்டுக்கு என்ன வருமானம், எந்த நாளில் இறந்தார், அடுத்த வாரிசு யார், வயசு என்ன? எல்லாம் எழுதப்படும். இதில் வரலாற்று ஆர்வம் துளியும் கிடையாது. வாரிசு நிலத்தை ஏற்கும்போது மன்னருக்குப் பணம் கட்ட வேண்டும், வாரிசு சின்னப் பிள்ளை என்றால் அதுவரை நிலம் மன்னர் கையில். வசூலுக்காக எழுதியதை வைத்துத்தான் இன்று பல குடும்பங்களின் வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது புரியும். பணம் கை மாறும் இடத்தில்தான் ஒழுங்கான கணக்கு இருக்கும்.

அந்தக் காலத்து இங்கிலாந்து பெண்களுக்குச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. மகன் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். ஆனால் மகன் இல்லாவிட்டால் பொது விதிப்படி மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. சித்தப்பா, பெரியப்பா எல்லாம் அப்புறம்தான். அதனால் அந்த ஏடுகளில் மகள்களின் பெயரும் வயசும் இருக்கிறது.

நம்ம ஊருக்கு வருவோம். சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மனைவிகள் இருந்தார்கள், மகள்கள் இருந்தார்கள். ஜமீன் போனது அண்ணன் மகன் கைக்கு. விடாமல் வழக்கு நடந்தது. கடைசியில் 1863-ல் லண்டன் பிரிவி கவுன்சில், குடும்பம் பிரியாத குடும்பமாக இருந்தாலும் ஜமீன் அவர் தனியாகப் பெற்ற சொத்து, ஆகவே அது அவருடைய மனைவிக்கும் பிறகு மகளுக்கும்தான் என்று சொல்லிவிட்டது. ஜெயித்தவர் மகள் காத்தம நாச்சியார். முப்பத்துநாலு வருஷம் ஆகியிருந்தது! ஒன்றை கவனியுங்கள். வழக்கு நடந்ததால்தான் அந்த மகளின் பெயர் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் வரலாற்றில் இன்றும் நிற்கிறது. "குடும்ப மானம் போயிடும்" என்று சும்மா இருந்திருந்தால் அவரும் பெயரில்லாத பெண் பிள்ளைதான்.

தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செங்கல்பட்டு. அங்கே 1929-ல் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொந்தமாகச் சம்பாதித்ததில் மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளைப் பங்காளியாக்க தமிழ்நாட்டுக்கு 1989 வரை ஆனது. அதிலும் சட்டம் வருவதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. 2005-ல் மத்திய அரசு அந்த நிபந்தனையைத் தூக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சட்டம் முடிந்தது. இனிமேல்தான் கூத்து.

சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் எங்கு வேண்டுமானாலும் போங்கள். ஒரு காலத்து நஞ்சை இன்று பிளாட். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட பில்டர் வருவார். பில்டரின் வக்கீல் வாரிசுச் சான்றிதழ் கேட்பார். அதில் கட்டிக்கொடுத்த மகள்களின் பெயரும் வரும். பத்து வருஷமாகப் பொங்கல் சீர் கொண்டு போகாத அண்ணனுக்கு அப்போதுதான் தங்கச்சி ஞாபகம் வரும். பூ, பழத்தோடு போவார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா, ஒரு கையெழுத்து." அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். எதிலிருந்து யாருக்கு விடுதலை என்று கேட்காதீர்கள் :-)

அப்புறம் ஒரு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். "எழுதிக் கொடுத்தவர்", "எழுதி வாங்கியவர்" என்று இரண்டு கட்டம் இருக்கும். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணின் பெயர் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வரும். எழுதிக் கொடுத்தவர் கட்டத்தில்! நாளைக்கு ஒருவர் இந்தக் குடும்பத்தின் வழியைத் தேடினால், மகள் உள்ளே வந்த பதிவே கிடைக்காது. வெளியே போன பதிவு மட்டும் கிடைக்கும்.

"அவளுக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சே" என்பார்கள். சரி, கணக்கே போடுவோம். மகளுக்குப் போட்ட இருபது பவுன் பற்று என்றால், மகனுக்குக் கட்டிய இன்ஜினியரிங் காலேஜ் ஃபீஸ், வாங்கிக் கொடுத்த பைக், அவன் கல்யாணச் செலவு எல்லாம் எந்தக் கணக்கில்? ஒருத்தர் பக்கம் மட்டும் பற்று எழுதிய பேரேட்டை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த நகையும் பாதி நேரம் அவள் கையிலா இருக்கிறது? வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. தடை செய்த ஒன்றைக் காட்டி, சட்டம் கொடுத்ததைப் பிடுங்குவது என்ன நியாயம்?

"பங்கு கேட்டா பொறந்த வீட்டு உறவு அறுந்துடும்" என்பது அடுத்தது. பங்கு கேட்கும் தம்பியோடு மட்டும் ஏன் உறவு அறுவதில்லை? கேட்டால் அறுந்துவிடும் என்று மிரட்டும் உறவுக்கு விலை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அதைக் கட்டுவது மட்டும் எப்போதும் அக்கா.

"அவங்களா விருப்பப்பட்டுத்தான் எழுதிக் கொடுத்தாங்க." இருக்கலாம். தம்பி கஷ்டத்தில் இருக்கிறான் என்று மனசோடு விட்டுக் கொடுக்கும் அக்காக்கள் உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் விட்டுக் கொடுப்பதற்கு முன்னால் எவ்வளவு விட்டுக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? பத்திரத்தைப் படித்துக் காட்டினார்களா? பங்கின் இன்றைய மதிப்பைச் சொன்னார்களா? ஒரு நகல் கொடுத்தார்களா? இந்த மூன்றும் இல்லாமல் வாங்கிய கையெழுத்தை விருப்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லா அக்காவும் நாளைக்கே கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. பேனாவைக் கையில் வாங்கும் முன் "என் பங்கு எத்தனை சதுர அடி?" என்று மட்டும் கேளுங்கள். தம்பிகளே, அண்ணன்களே, அக்கா கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகு ஏழு தலைமுறைப் பெருமையைப் பேசலாம், நாங்களும் உட்கார்ந்து கேட்கிறோம்.