தோண்டுபவனுக்கும் தாகம் உண்டு

(இளம் அறிவியல் மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டபோது, நிலவைப் பற்றி எழுதலாமா, நட்பைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் எண்ணினேன். அவ்விரண்டையும் எழுத நம் கல்லூரியில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே, நான் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதுகின்றேன். லாரியின் அடியில் மாட்டப்படும் தொட்டி அது. இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். படித்து முடித்த பிறகும் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், எனக்கு வருத்தமில்லை.

திருச்செங்கோட்டுக்கு மலைக்கோயிலால் ஒரு பெருமை. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் இன்னொரு பெருமை. அங்கிருந்து புறப்படும் வண்டிகள் மராட்டியம், மத்தியப் பிரதேசம், சத்தீசுகர் என்று நாடெங்கும் செல்கின்றன. ஒரு வண்டி செல்வதாகச் சொல்கின்றோமே தவிர, உண்மையில் செல்பவை இரண்டு. ஒன்றில் துளையிடும் கருவி இருக்கும். மற்றொன்று சப்போர்ட் வண்டி. இருபதடி ராடுகள், டீசல் பீப்பாய்கள், அரிசி மூட்டை, அடுப்பு, பாய், தலையணை யாவும் அதில்தான். அதில் வேலை செய்வோருக்கு மாதக்கணக்கில் அதுவே வீடு, அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை. என் அண்ணன் அப்படிப்பட்ட வண்டி ஒன்றில் டிரில்லர். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் கணக்கு எழுதும் வேலைக்காக நானும் அந்த வண்டியில் நாற்பது நாள் இருந்தேன்.

அந்த நாற்பது நாளில் நான் கண்ட ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம்.

லாத்தூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில், மிரஜ் நகரிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து லாத்தூர் மக்களுக்கு ஊற்றினார்களே, நினைவிருக்கின்றதா? அந்தப் பகுதிதான். எங்கள் குழுவில் ஒன்பது பேர். குடிநீருக்கு எங்களிடம் இருந்தது ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய். சப்போர்ட் வண்டியின் மேல், டீசல் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் கயிற்றால் கட்டியிருந்தோம். முன்பு அதில் என்ன இரசாயனம் இருந்ததோ, யாருக்கும் தெரியாது. நண்பகலில் அந்தத் தண்ணீரைக் கையில் ஊற்றினால் சுடும். வாயில் ஊற்றினால் டீசல் மணக்கும். வழியில் ஒரு வளைவில் கயிறு அறுந்து பீப்பாய் சாய்ந்தது. பாதித் தண்ணீர் சாலையில். மீதித் தண்ணீர் அரிசி மூட்டையில்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது பீப்பாய் காலி. அண்ணன் என்னையும் சத்தீசுகரைச் சேர்ந்த ஓர் இளைஞனையும் குடத்துடன் அருகிலிருந்த வீட்டுக்கு அனுப்பினார். வாசலில் ஒரு மூதாட்டி. எங்களையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மராத்தியில் ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தம் குடத்திலிருந்தே எங்கள் குடத்தை நிரப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. அந்த இளைஞன்தான் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "தண்ணி இல்லேன்னுதான் உங்களைக் கூப்பிட்டோம், நீங்க எங்ககிட்டத் தண்ணி கேக்கறீங்களேன்னு சொல்றாங்க, அண்ணா."

அன்று இரவு முழுவதும் துளையிட்டோம். அறுநூறு அடி வரை கரும்பாறைப் புழுதிதான் பறந்தது. தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. காலையில் பணத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். அந்த வீட்டின் ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காமல் வந்துவிட்டோம் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

அடுத்த ஊரில் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, அந்த இளைஞன் மாட்டுத் தொட்டியிலிருந்து மொண்டு குடித்தான். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் அவனை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பத்து நாள் கூலி போயிற்று. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் போகவில்லை.

"கிணறுதான் தோண்டுகின்றீர்களே, அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமே!" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பாறையை உடைக்கும் ஹாமர் தேயாமல் இருக்க, காற்றோடு எண்ணெயும் கலந்து உள்ளே செல்கின்றது. முதலில் பீறிட்டு வரும் நீரில் பாறை மாவும் இருக்கும், அந்த எண்ணெயும் இருக்கும். தெளிந்த பிறகும் எல்லா நீரும் குடிநீர் ஆகிவிடாது. நம் தருமபுரியிலும், தெலங்கானாவின் நல்கொண்டாவிலும் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு, பல்லையும் எலும்பையும் கெடுத்த கதையை நாம் அறிவோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது கூடாது என்கின்றது இந்தியத் தர நிர்ணயம். கண்ணால் பார்த்து இதை அறிய முடியுமா? முடியாது. தோண்டிய நீரை அன்றே குடிக்கும் தகுதி தோண்டியவனுக்கும் இல்லை!

தோழர்களே, என் கருத்து இதுதான். தண்ணீர் தேடிச் செல்லும் ஒவ்வொரு வண்டியும் தன் ஆட்களுக்கான தண்ணீரைத் தானே சுமந்து செல்ல வேண்டும். அது மேலே கயிற்றில் கட்டிய பீப்பாயாக இருக்கக்கூடாது. பிரேக்கைப் போல, பேட்டரியைப் போல, வண்டியின் ஓர் உறுப்பாக அதன் அடியில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

இது புதுமையும் அன்று. ஆஸ்திரேலியாவில் கேம்ப்பர் டிரெய்லர் என்று ஒன்று உண்டு. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வண்டி. நிறுத்தி விரித்தால் கூடாரம். விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகின்றவர்கள், அறுபது, எண்பது, நூறு லிட்டர் எனத் தொட்டிகளை வாங்கி அதன் அடியில் மாட்டிக்கொள்கின்றனர். அச்சுக்குப் பின்னால் மாட்டினால் முன்பக்கம் இலேசாகி, ஓடும்போது வண்டி வாலாட்டும் என்பதும், அச்சை ஒட்டிச் சற்று முன்னால் மாட்டினால் தொட்டி நிறைந்தாலும் குறைந்தாலும் சமநிலை அதிகம் மாறாது என்பதும் அவர்களுக்கு அத்துபடி. பொழுதுபோக்கச் செல்பவன் வண்டியில் இவ்வளவு கவனம். பிழைக்கச் செல்பவன் வண்டியில் ஓர் அழுக்குப் பீப்பாய். இது நியாயமா?

ஊர் திரும்பியதும் அண்ணனும் நானும் முதலாளியிடம் சென்றோம். அவர் கெட்டவர் அல்லர். ஆனாலும் வியந்தார்.

"ஏந் தம்பி, தண்ணி தோண்டற வண்டிக்கே தண்ணித் தொட்டி கேக்கறயா?" என்றார்.

"ஆமாங்க. பையன் ஆஸ்பத்திரியில கிடந்த பத்து நாள்ல வண்டிக்கு எவ்வளவு நட்டம்னு கணக்குல இருக்குதுங்க" என்று நோட்டை நீட்டினேன். கணக்கு எழுதப் போனது வீண்போகவில்லை. அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி, மாட்டுங்க" என்றார்.

பட்டறையில்தான் நான் படித்த இயற்பியல் உயிர் பெற்றது. 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 40 உயரம். பெருக்கினால் 216 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இரண்டு மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் எடையையும் சேர்த்தால் சுமார் 260 கிலோ. வெயிலில் உழைக்கும் ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு எட்டு லிட்டர் என்று வைத்தால், ஒன்பது பேருக்கு மூன்று நாள் தாங்கும்.

முதல் முறை நாங்கள் தவறு செய்தோம். தொட்டியின் நான்கு மூலைகளையும் சேஸியோடு போல்ட்டு வைத்து இறுக்கிவிட்டோம். பன்னிரண்டாம் நாள் ஒரு மூலையில் பற்றவைப்பு விட்டு நீர் ஒழுகியது. பட்டறை மேஸ்திரி சிரித்தார். "சேஸி மேடு பள்ளத்துல முறுங்கும் கண்ணு. தொட்டி முறுங்காது. ரெண்டையும் இறுக்கிக் கட்டினா எளச்சது கிழியும்" என்றார். எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பிறகு, சேஸியில் வெல்டிங் வைக்காமல், அதன் மேல் கீழ் விளிம்புகளிலும் துளை போடாமல், பக்கச் சுவரில் போல்ட்டு வைத்துத் தாங்கிகள் அமைத்தார். இரண்டு பட்டை இரும்பு வளையங்களால் தொட்டியைத் தாங்கச் செய்து, இடையே பழைய டயர் ரப்பரை வைத்தார். இன்றுவரை ஒழுகவில்லை.

உள்ளே இரண்டு தடுப்புத் தகடுகள் உண்டு. பாதி நிறைந்த தொட்டிதான் ஆபத்தானது. பிரேக் அடித்தால் நீர் முழுவதும் முன்னால் பாய்ந்து மோதும். தடுப்புகள் அந்தப் பாய்ச்சலை மூன்றாகப் பிரித்து அடக்கிவிடும். தகட்டின் மூலைகளை வெட்டிவிட்டால் நீர் தடையின்றி வடியும். சைலன்சர் ஒரு பக்கம் என்றால் தொட்டி மறு பக்கம். முன்புறம் கல் தெறிக்காமல் ஒரு கனத்த தகடு. கை நுழையும் அளவுக்கு ஒரு வாய், அதற்கு மூடியும் பூட்டும். கீழே ஒரு வடிகால்.

காற்றுக்குழாய் ஒன்றும் வேண்டும். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பிப்பெட்டின் மேல்நுனியை விரலால் அடைத்தால் நீர் இறங்காமல் நிற்கின்றதே, காற்றுக்குழாய் இல்லாத தொட்டியும் அப்படித்தான். குழாயைத் திறந்தாலும் தண்ணீர் ஒழுங்காக வராது. அக்குழாயை வண்டியின் மேல்வரை கொண்டுபோய், நுனியைக் கீழ்நோக்கி வளைத்து வலை கட்டிவிட்டால் தூசியும் பூச்சியும் நுழையா.

எல்லாவற்றிற்கும் ஆன செலவு, ஓர் ஆழ்குழாய்க் கிணற்றுக் கூலியில் பாதிகூட இல்லை.

மறுப்புகள் உண்டு, அவற்றை நான் மறைக்கவில்லை. "எடை கூடுமே" என்பர். பல டன் இரும்பு சுமக்கும் வண்டிக்கு 260 கிலோ ஒரு பொருட்டா? "தொட்டி இருந்தால் போதுமா, சுத்தம் செய்ய வேண்டாமா?" என்பர். இது நல்ல கேள்வி. அழுக்குத் தொட்டி அழுக்குப் பீப்பாயைவிட மேலானது அன்று. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுச் சுகாதாரக் கணக்கு. எங்கள் தொட்டிக்கு அரை கிராம் போதும். கலக்கி ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு குடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை கைவிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதற்கு ஒருவரைப் பொறுப்பாக்காவிட்டால் தொட்டி வைத்தும் பயனில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 18-ஆம் பிரிவில், தொழிலாளருக்கு நல்ல குடிநீர் வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. குடிநீர் வைக்கும் இடத்தில், பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியில் "குடிநீர்" என்று எழுதி வைக்கவும் சொன்னது. ஆனால் அது சுவர்களுக்குள் உழைப்போரை எண்ணி எழுதியது. சுவரே இல்லாமல், சக்கரத்தின் மேல் வாழ்பவனுக்கு யார் எழுதி வைப்பது? நாங்கள் எழுதினோம். தொட்டியின் மேல் தமிழில் ஒரு வரி, இந்தியில் ஒரு வரி. இந்தி எழுத்தை எழுதியவன், நோயிலிருந்து மீண்டு வந்த அந்தச் சத்தீசுகர் இளைஞனே.

வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தையே மழைக்குக் கொடுத்தார். நீரின் பெருமையைப் பேச நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பட்டிமன்றம் வைப்போம், கவியரங்கம் வைப்போம். ஆனால், நம் வீட்டுக் கொல்லையில் துளையிட வந்து நிற்கும் வண்டியின் ஆட்கள் எதைக் குடிக்கின்றனர் என்று நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கின்றோம்?

நம் கல்லூரியில் ரிக் வண்டி முதலாளிகளின் பிள்ளைகளும் படிக்கின்றனர். டிரில்லர்களின் தம்பிகளும் படிக்கின்றனர். இருவருக்குமாகவே இதை எழுதினேன். இந்தக் கோடையில் உங்கள் வீட்டு வண்டி புறப்படும் முன் ஒருமுறை குனிந்து அதன் அடியில் பாருங்கள். தொட்டி இல்லையென்றால் வீட்டில் பேசுங்கள். கணக்கு நோட்டோடு பேசுங்கள், அது பலிக்கின்றது.

இந்த மே மாதம் எங்கள் வண்டி மீண்டும் லாத்தூர்ப் பக்கம் போகின்றது. அந்த மூதாட்டியின் வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு குடம் தண்ணீர் இறக்கிவிட்டு வருவதாக அண்ணன் சொல்லியிருக்கின்றார். கடனைத் தீர்க்க வேண்டும் அன்றோ!