திருத்துவோரும் படைப்போரே

புதியது புனைவோரை உலகம் போற்றுகிறது. பழுது பார்ப்போரை அது திரும்பியும் பார்ப்பதில்லை. இம்மனப்பான்மை கணினித் துறையில் எத்துணைக் கேட்டினை விளைவிக்கும் என்பதை மாணவச் செல்வங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இணையதளம் அமைப்போர் அதன் ஒவ்வொரு பகுதியையும் தாமே எழுதுவதில்லை. பயனரை அடையாளம் காணுதல், படிவங்களைப் பெறுதல், தரவுகளைச் சேமித்தல் முதலிய பொதுப் பணிகளுக்கென முன்னரே எழுதப்பெற்ற சட்டகம் ஒன்றன்மீதே தம் தளத்தை எழுப்புகின்றனர். அத்தகைய சட்டகங்களுள் ஒன்று ஜாங்கோ. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றன் இணையப் பணிக்காக உருவான இது, எவரும் விலையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை அளித்து 2005ஆம் ஆண்டு வெளியிடப்பெற்றது.

அதன் பதிப்பெண்களிலேயே ஒரு பாடம் பொதிந்துள்ளது. 4.2 என்னும் பதிப்பு 2023 ஏப்ரல் 3 அன்று வெளிவந்தது. ஒரு திங்கள் கழித்து மே 3 அன்று 4.2.1 வந்தது. படிவத்தின் ஒரே கட்டத்தின் வழியாகப் பல கோப்புகளை அனுப்பினால் இறுதிக் கோப்பு மட்டுமே சரிபார்க்கப்பெற்ற குறையினை அது நீக்கியது. மூன்றாவதாக நிற்கும் அச்சிற்றெண் புதுமையைக் குறிப்பதன்று, திருத்தத்தைக் குறிப்பது. இதனையே 'பேட்ச்' என்பர். கிழிந்த ஆடைக்கு நாம் போடும் ஒட்டுப் போன்றதே இதுவும். இப்பணியின் அருமை உணர்ந்தே, ஜாங்கோ அறக்கட்டளை 2014ஆம் ஆண்டு முதல் பராமரிப்புக்கெனவே ஊதியம் பெறும் பணியாளரை அமர்த்தியது.

ஆயினும், தைப்பவர் தைத்துக் கொடுத்தால் மட்டும் போதுமா? உடுப்பவர் அதனை வாங்கி உடுத்த வேண்டாவா? அப்பாச்சி ஸ்டிரட்ஸ் என்னும் மற்றொரு சட்டகத்தின் வரலாறு இதற்குச் சான்று. அதில் காணப்பட்ட கொடிய ஓட்டை ஒன்றனுக்குரிய திருத்தம் 2017 மார்ச் 7 அன்று வெளிவந்தது. அமெரிக்க மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைத்திருந்த ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில், 48 மணி நேரத்துக்குள் அதனை நிறுவுமாறு மின்னஞ்சலும் சென்றது. எனினும், குறைகூற வரும் மக்களுக்கென அந்நிறுவனம் நடத்திய தளம் திருத்தப்படாமலே கிடந்தது. மே மாதத்தில் அவ்வழியே கள்வர் புகுந்தனர். சூலை இறுதியில்தான் நிறுவனம் அதனை அறிந்தது. ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் பெயரும் பிறந்த நாளும் அடையாள எண்ணும் பறிபோயின. இழப்பீடு முதலியவற்றுக்காக 57.5 கோடி டாலருக்குக் குறையாமல் வழங்க 2019இல் அந்நிறுவனம் உடன்பட நேர்ந்தது.

மருந்து விலையின்றிக் கிடைத்தது; காலத்தில் கிடைத்தது; உண்பார்தாம் இல்லை. இலவசமாகப் பெற்ற பொருளுக்குப் பொறுப்பும் இலவசம் என்று கருதியோர் அதன் விலையைப் பிறர் தலையில் சுமத்தினர் என்பதே இதன் பொருள்.

"ஓடுகின்ற தளத்தில் கைவைத்தால் உள்ளதும் கெடும்" என அஞ்சுவார் உளர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் முந்தைய பதிப்போடு பொருந்தி நிற்குமாறு கருத்துடன் அமைக்கப்பெறுவதே திருத்த வெளியீடு. முதலில் தனித்ததொரு படியில் சோதித்துப் பின்னர் நிறுவினால் அவ்வச்சமும் பெரிதும் நீங்கும். சோதிக்கச் சோம்பி அச்சத்தைக் காரணம் காட்டுதல் தகாது.

நம் கல்விமுறைக்கும் இதில் பங்குண்டு. இறுதியாண்டில் புதிதாக ஒரு மென்பொருளைச் செய்து, மதிப்பெண் பெற்றதும் அதனைக் கைவிடும் மாணவரே பலர். பிறர் எழுதிய நிரலைப் பொறுமையுடன் படித்து, அதில் ஒரு பிழையைக் கண்டு, அதனைத் திருத்தி, திருத்தம் சரியென மெய்ப்பிக்கும் சோதனையையும் எழுதுவார்க்கு அதே மதிப்பெண்ணை வழங்கினால் என்ன? ஜாங்கோவுக்குத் திருத்தம் அனுப்புவோர் சோதனையையும் உடன் அனுப்புதல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. அவ்விதி நம் வகுப்பறைக்கும் பொருந்தும்.

ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டு, பதிப்புக்குப் பதிப்புப் பிழை களைந்த அறிஞர்களாலன்றோ நம் பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்தன! அவர்களைப் புலவர் என்றே போற்றுகிறோம். நிரலில் பிழை களைவோர்க்கும் அம்மதிப்பினை நல்குவோமாக. அவர்கள் தரும் திருத்தத்தை உரிய காலத்தில் ஏற்பதே அம்மதிப்பின் முதல் அடையாளம்.