தோற்றார் கடன்

வெண்ணிப் பறந்தலையிலே கரிகாலனோடு பொருது முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அதற்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான். வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவரோ, வென்ற கரிகாலனை முன்னிறுத்தியே தோற்றவனின் மாண்பைப் பாடினார். புறநானூற்றைக் கற்பிக்குந்தோறும் யான் இவ்விடத்திற் சற்றே நிற்பதுண்டு. வென்றவனுக்கு மட்டுமன்றித் தோற்றவனுக்கும் ஒரு புகழ் உண்டு. தோல்வியை அவன் ஏற்கும் முறைமையைப் பொறுத்தது அது, என்று மாணாக்கருக்கு எடுத்துரைப்பதுமுண்டு. ஆயினும் என் பக்கத்துக்கே ஒரு தோல்வி வந்துற்றபோது அந்தப் பாடத்தை யானே மறந்துவிட்டேன்.

2024 நவம்பர் 14 ஆம் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில், 225 ஆசனங்களுள் 159 ஐத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க சனாதிபதியாகத் தெரிவாகியிருந்தமையால், நாட்டு முடிவு எதிர்பாராததன்று. எதிர்பாராதது யாழ்ப்பாணத்து முடிவே. தென்னிலங்கையில் வேரூன்றிய அக்கட்சி இம்மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைக் கைக்கொண்டது. யான் பல்லாண்டுகளாக வாக்களித்துவந்த இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு இங்கே கிடைத்தது ஒன்றே.

முடிவு வெளியான அன்று மாலை எங்கள் ஊர் வாசிகசாலையில், "சனத்துக்கு மதி கெட்டுப்போச்சுது" என்று உரக்கச் சொன்னேன். இருந்தோர் பலர் தலையசைத்தனர். ஒரு மூலையிற் பத்திரிகை பார்த்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்து வந்தார். அவர் ஒருகால் என்னிடம் இலக்கியம் பயின்றவர். "ஐயா, போனமுறை உங்கடை கட்சிக்கு நாங்கள் போட்டபோது சனத்துக்கு மதி இருந்ததோ?" என்று மெல்லக் கேட்டார். அக்குரலில் அவமதிப்பு ஒரு சிறிதும் இல்லை. அதனாலேயே விடை சொல்ல இயலாது வீடு திரும்பினேன்.

அன்றிரவு என் மனத்தை யானே ஆராய்ந்து பார்த்தேன். தோற்றவர் தம்மைத் தேற்றிக்கொள்ளும் வழிகள் மூன்று என்று தோன்றியது. மக்கள் ஏமாந்தனர் என்பது ஒன்று. விதி நம்மை வீழ்த்தியது என்பது மற்றொன்று. துரோகம் நிகழ்ந்தது என்பது மூன்றாவது.

முதலாவதன் பொருந்தாமையை அவ்விளைஞரே காட்டிவிட்டார். இரண்டாவதில் உண்மை ஓரளவு உண்டு. இங்கே முதலிடம் பெற்ற கட்சிக்குக் கிடைத்தது செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ நாலிலொன்று. ஏனைய வாக்குகள் பல கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் சிதறின. மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் வழங்குவதும் நம் தேர்தல் முறையில் உள்ளதே. ஆனால் இவ்விதி நேற்றுப் பிறந்ததன்று. முதலிடம் நமதாயிருந்த காலங்களில் அவ்வாசனத்தை வேண்டாம் என்று மறுத்தவர் எவருமிலர். வாக்குகள் சிதறினவெனின், சிதறடித்தவர் வாக்காளரல்லர். ஒரே கொள்கையைப் பேசிக்கொண்டு வெவ்வேறு சின்னங்களில் நின்ற நாமே.

மூன்றாவதே கொடியது. துரோகி என்னுஞ் சொல் இம்மண்ணில் வெறுஞ்சொல்லாய் நின்றதில்லை. 1975 இல் அல்பிரட் துரையப்பாவையும், 1989 இல் அ. அமிர்தலிங்கத்தையும் துப்பாக்கி முனைக்கு இரையாக்கு முன்னர் அச்சொல்லே அவர்களைச் சுட்டியது. அவ்விருவரும் எதிரெதிர் அணியினர் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது. ஒருகால் கைக்கொண்டால், அச்சொல் எவர்மேற் பாயும் என்பதை எறிந்தவரும் அறியார். வாக்குச்சீட்டில் மாறிக் கீறியவரை அப்பெயரால் அழைக்க நமக்கு உரிமையில்லை.

நம் முன்னோர் இத்தகைய தோல்வியைக் கண்டிலரோ எனின், கண்டனர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தம் சொந்தத் தொகுதியாகிய காங்கேசன்துறையிலேயே தோற்றார். அவர் கட்சி நாடு முழுவதிலும் பெற்றவை இரண்டே ஆசனங்கள். அவரை வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராக நின்ற சு. நடேசபிள்ளை. தமிழுக்குப் பகைவரோ அவர்? சகுந்தலை வெண்பா பாடிய புலவர். பரமேசுவராக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர். அரசியலில் மாறுபட்டமையால் அவர் தமிழ்ப்பற்றுக் குறைந்துபோகவில்லை. செல்வநாயகமும் தோல்வியோடு கொள்கையைக் கைவிட்டிலர். அடுத்த தேர்தல் 1956 இல் வந்தபோது, முன்பு அவரைக் கைவிட்ட அதே தொகுதி அவரை மீண்டும் தெரிந்தது. கட்சியும் பத்து ஆசனங்களைப் பெற்றது. அந்நான்கு ஆண்டுகளில் மக்களை வைதுகொண்டிருந்தால் இது கைகூடியிருக்குமோ?

ஆகலின், தோல்வியை ஏற்றல் வேறு. கொள்கையைத் துறத்தல் வேறு. வென்றாரை வாழ்த்துதல் வாய்மூடி அடங்குதலாகாது. மூன்றிலிரண்டு பங்குக்கு மேற்பட்ட ஆசனங்களோடு ஒரு கட்சி அமரும்போது, தோற்றவரின் கேள்வியே நாட்டுக்குக் காவலாகும். காணி பற்றியும், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியும், அதிகாரப் பகிர்வு பற்றியும் நாம் கேட்க வேண்டியவை பல உள. மக்களின் தீர்ப்பை மதித்தவர் கேட்டால் அக்கேள்விக்கு வலிவுண்டு. மதியாதவர் கேட்டால் அது வெறும் மனப்புழுக்கமாய் முடியும். பெருஞ்சேரலாதனுக்கு வடக்கிருத்தலன்றி வேறு வழி தோன்றவில்லை. குடியாட்சியில் தோற்றவனுக்கோ அடுத்த தேர்தல் என்னும் மறுபிறப்பு இம்மையிலேயே உண்டு. அதுவரை அவன் செய்யத்தக்கது, தன்னை விட்டுச் சென்றவரிடம் சென்று காரணம் கேட்பதே.

இதனை யான் நூலிற் கற்றேனல்லேன். 2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. யாழ்ப்பாணத்துச் சபைகள் பலவற்றில் தமிழரசுக் கட்சி முதலிடம் பெற்றது. ஆறு மாதங்களுக்கு முன் சனத்துக்கு மதி கெட்டது என்று தலையசைத்த அதே வாசிகசாலை, சனத்தின் மதியை வானளாவப் புகழ்ந்தது. யான் ஒன்றும் பேசாதிருந்தேன்.

மறுநாள் மாலை அவ்விளம் ஆசிரியர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "ஐயா, இந்தமுறை சனம் எங்களை விட்டிட்டுது. ஏனெண்டு உங்களிட்டைக் கேட்பம் எண்டு வந்தனான்" என்றார். அவரைத் திண்ணையில் இருத்தித் தேநீர் கொடுத்து, எனக்குத் தோன்றிய காரணங்களை ஒன்றொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையோடு கேட்டார். அவற்றுட் சில முன்னைய தேர்தலில் எங்கள் கட்சிக்கும் பொருந்தியனவே. அதனை அவரும் அறிவார். ஆயினும் சொல்லாமலே விடைபெற்றுச் சென்றார்.